குக்குறுவான் கத்திய வீடு

காலை ஆறு மணிக்குள் முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஒரு பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள் நான். பெங்களூருக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடம் இந்த வேலைதான். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஐஸ் பெட்டி, தோளில் பை, போனில் அன்றைய வீடுகளின் பட்டியல். ஒரு வீட்டில் ஐந்து நிமிடம், அதிகம் போனால் ஏழு. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் பேச விரும்புவதில்லை. கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே கதவைச் சாத்துவார்கள். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பேரின் கையைப் பிடிக்கிறேன். மதியம் அறைக்குத் திரும்பும்போது அவர்களில் ஒருவர் முகம்கூட நினைவில் இருக்காது. அவர்களுக்கும் என் முகம் இருக்காது.

என் அறை மர்பி டவுனில், ஒரு வீட்டு மொட்டைமாடியின் ஓரத்தில் இருக்கிறது. தம்பிக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவனுக்குச் சமைத்துப்போட குடியாத்தத்திலிருந்து கூட வந்தவள் நான். அவனுக்குக் கல்யாணமானது, வேலை மாறியது, மனைவியோடு புனேவுக்குப் போய்விட்டான். நான் தங்கிவிட்டேன். ஊரில் அப்பா அம்மா இருவரும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் செய்வான். அவன் பெண் போனை வாங்கி "அத்தை, சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுவாள். அந்த வாரம் முழுக்க வேலை சம்பந்தமில்லாமல் என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்படி இருந்த ஒரு ஜூன் மாதத்தில்தான் அந்த வீடு என் பட்டியலில் வந்தது. அல்சூர் பக்கம், மூன்றாவது மாடி. நோயாளி பெண், முப்பத்தெட்டு வயது. கல்லீரல் பரிசோதனை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அவள் கணவர் கதவைத் திறந்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பொம்மசந்திரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆறரைக்கு கம்பெனி பஸ். "உள்ள போங்க சிஸ்டர், அவங்களால எழுந்து வர முடியாது" என்றார்.

அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். முதுகெலும்பில் காசநோய். எட்டு மாதமாவது படுக்கையை விட்டு எழக் கூடாது, உட்காரக்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டில் சுவரை ஒட்டி இருந்தது. தலைமாட்டுக்குப் பின்னால் ஜன்னல். அதன் வழியாக எதையும் பார்க்க அவளால் முடியாது; வெளிச்சம் கூரையில் நகர்வது மட்டும் தெரியும்.

மெலிந்த கை. நரம்பு கிடைக்கவில்லை. ரப்பர் பட்டையைக் கட்டி விரலால் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே ஏதோ கத்தியது. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு உருட்டல், பிறகு குட்ரூ, குட்ரூ, குட்ரூ என்று நிற்காமல்.

"சிஸ்டர், அது இன்னா பறவை?" என்றாள்.

தெரியாது என்றேன். உண்மையில் அந்தச் சத்தத்தை, வேலைக்கு வந்து அதுவரையான ஒன்பது வருடமும் நான் தினமும் கேட்டிருக்க வேண்டும். ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை.

மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை விடாது. கணவர் தவளை என்கிறாராம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, யாரோ மோட்டார் போடுகிறார்கள் என்கிறாளாம். "நீங்க கீழ போறப்ப மரத்துல பாத்து அடுத்த தடவ சொல்றீங்களா?" என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கட்டடத்தை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் பக்கத்தில் சாலையோரம் ஓர் அரசமரம். அண்ணாந்து பார்த்தேன். இலைதான் தெரிந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அவள் முதலில் கேட்டது அதைத்தான். பார்க்கவில்லை என்று சொல்ல ஏதோ கூச்சம். "கிளிங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையை நீட்டினாள். ஊசியைக் குத்தினேன், குப்பியில் ரத்தம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு கிளிக்கூட்டம் கீச்சென்று கத்திக்கொண்டு ஜன்னலைத் தாண்டிப் பறந்தது.

"அது கிளி" என்றாள் கூரையைப் பார்த்தபடியே. "இது வேற. தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க சிஸ்டர். ஆறு மாசம் சாதா முதுகுவலின்னுதான் எனக்கும் சொல்லிக்கினு இருந்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஞ்சை ஒட்டிவிட்டு வெளியே வந்தவள், அடுத்த வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகும் என்று செய்தி அனுப்பிவிட்டு மரத்தடியில் நின்றேன். சத்தம் தலைக்கு நேர் மேலேயிருந்து வந்தது. ஆனால் எந்தக் கிளை என்று தெரியவில்லை. இப்படித் திரும்பினால் அங்கே கேட்கும், அங்கே திரும்பினால் பின்னால் கேட்கும். வாட்ச்மேன் வந்து எதைத் தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். சொன்னேன். அவரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றும் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம், அந்தப் பக்கம் எனக்கு வீடு ஒன்றும் இல்லாத நாளில், வேலை முடிந்ததும் போய் நின்றேன். அரசமரத்தில் சின்னச் சின்னப் பழங்கள். ஒரு இலை அசைந்து பழத்தை விழுங்கியது. பிறகுதான் அது இலை இல்லை என்று தெரிந்தது. உடம்பெல்லாம் இலைப்பச்சை. தலை மட்டும் மண்நிறம், அதில் வெள்ளைக் கீறல்கள், கண்ணுக்குக் கீழே வெள்ளைக் கன்னம், கனத்த அலகைச் சுற்றி மீசைபோல முடி. அது கழுத்தை உப்பிக்கொண்டு கத்தியபோது வாயே திறக்கவில்லை. தொண்டை மட்டும் துடித்தது. போனில் தேடிப் பார்த்தேன். குக்குறுவான் என்று போட்டிருந்தது.

அடுத்த முறை அந்தப் பெயரைச் சொன்னபோது அவள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "பேரே அது கத்துற மாதிரி இருக்குதே" என்றாள். வாய் திறக்காமல் கத்தும் என்பதை அவள் நம்பவில்லை. நான் உதட்டை மூடிக்கொண்டு தொண்டையை உப்பிச் செய்து காட்டினேன். கையுறை மாட்டி, குப்பிகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு நோயாளியின் முன்னால் இப்படிச் செய்வேன் என்று நினைத்ததே இல்லை. அவள் சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. அவள் கேட்பாள், நான் பார்ப்பேன். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் ஒரு நோட்டில் சத்தங்களை எழுதிவைக்க ஆரம்பித்தாள். படுத்தபடி தலைக்கு மேலே நோட்டைப் பிடித்து எழுதுவதால் எழுத்துகள் கோணலாக இருக்கும். "காலை ஏழு மணி, சுவிங் சுவிங், ரொம்பச் சின்னப் பறவை மாதிரி." "மத்தியானம், குழந்தை அழுவது போல, மேலேயிருந்து." நான் போகும் நாளில் அதைப் படித்துக் காட்டுவாள். நான் இறங்கிப் போய்த் தேடுவேன். குழந்தை அழுவது போலக் கத்தியது பருந்து. அது எங்கள் மர்பி டவுன் கறிக்கடைகளுக்கு மேலே எப்போதும் வட்டமடிப்பதுதான். மழை பெய்து ஓய்ந்த பிறகு, எங்கள் மாடிக்கு எதிரே இருக்கும் செல்போன் கோபுரத்தில் அது சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பதை முதல் முறையாக அந்த ஆகஸ்டில் பார்த்தேன். நனைந்த பருந்து பார்க்கப் பாவமாக இருக்கும். அதைச் சொன்னதும் அவள், "என்னை மாதிரி" என்றாள்.

அவள் குடும்பம் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு தினமும் விடியும் முன் ரயிலேறி பெங்களூருக்கு வந்து காவலாளி வேலை பார்த்து இவளைப் படிக்கவைத்தார். இவள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்தாள். குழந்தை இல்லை. முதுகெலும்பில் வரும் காசநோய் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனாலும் காசநோய் என்ற பெயர் போதுமாக இருந்தது. அலுவலகத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. தங்கவயலிலிருந்து ஒருமுறை வந்த அவள் அக்கா, அறை வாசலிலேயே நாற்காலி போட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனாளாம். இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. ஊசியைக் குத்தும்போது ஒரு வாக்கியம், பஞ்சை அழுத்தும்போது ஒரு வாக்கியம் என்று மாதக்கணக்கில் சொன்னது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், நான் உள்ளே நுழைந்ததுமே நோட்டை நீட்டினாள். "புதுசா ஒண்ணு வந்திருக்குதுக்கா. முந்தாநாள் வரைக்கும் இது இல்ல." அவள் என்னை அக்கா என்று அழைத்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஐஸ் பெட்டியை மூடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சத்தத்தை அவள் "சிலிவீ" என்று எழுதியிருந்தாள். மரத்தின் உச்சியில் கட்டை விரலளவு ஒரு குருவி, ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காமல் இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. பச்சையா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். கண்ணுக்கு மேல் ஒரு வெளிர்க் கோடு. இலைக்கதிர்க்குருவி. குளிர்காலத்துக்கு இமயமலைப் பக்கத்திலிருந்து இங்கே வருவது. அதே வாரம் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி கசிந்து ஈரமாயிருந்த இடத்தில், மஞ்சள் வயிறும் நீண்ட வாலுமாக ஒரு வாலாட்டிக் குருவியையும் பார்த்தேன். அதுவும் வடக்கே மலைப் பக்கமிருந்து வந்ததுதான். இரண்டையும் சொன்னேன்.

"கட்டை விரல் அளவுக்கு இருந்துக்கினு அவ்ளோ தூரத்துல இருந்து வருதா?" என்றாள். நோட்டை மூடினாள். "எனக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் திரும்பறதே ஊருக்குப் போற மாதிரி இருக்குது" என்றாள்.

அந்த நாட்களில் என் காலைகள் மாறியிருந்தன. பட்டியலில் எந்த வீடு வந்தாலும், கதவு திறக்கும் வரை வாசலில் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன். மின்கம்பியில் செம்மீசைச் சின்னான், தொட்டிச் செடியில் தையல்சிட்டு, குப்பைத் தொட்டி விளிம்பில் மைனா. மைனாவில் கண்ணைச் சுற்றி மஞ்சள் இருப்பது ஒன்று, அது இல்லாமல் நெற்றியில் குடுமி சிலிர்த்திருப்பது ஒன்று என இரண்டு வகை உண்டென்பது நாற்பத்தைந்து வயதில் தெரிந்தது. அறைக்குத் திரும்பியதும் இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். சமையலறைச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த முறை அவளிடம் எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருப்பேன். இடைப்பட்ட பதினான்கு நாட்கள் நீளமாக இருந்தன.

நவம்பரில் ஒரு நாள் போனபோது அவள் நோட்டைத் திறக்கவில்லை. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடே வேண்டாமென்றிருக்கிறது என்றாள். கையைத் திருப்பும்போது அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியில் மஞ்சள். மாத்திரை கல்லீரலைத் தாக்கினால் அப்படி வரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையே. முடிவு வரச் சாயங்காலம் ஆகும். எங்கள் வேலையில் நோயாளியிடம் எதுவும் சொல்லக் கூடாது. ரத்தம் எடுக்க வேண்டும், போக வேண்டும். நான் வெளியே வந்து, ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவரிடம், "இன்னிக்கு வேலைக்குப் போகாதீங்க சார். அடுத்த வேளை மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட பேசுங்க. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீங்க" என்றேன். அவர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

அன்று மதியமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பத்து நாளுக்கு மேல் இருந்தாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று அவரைக் கேட்டிருக்கலாம். போய்ப் பார்த்திருக்கலாம். ரத்தம் எடுக்க வருகிறவள் அங்கெல்லாம் வந்து நிற்பது சரியாக இருக்குமா என்று யோசித்தே நாள் போய்விட்டது. தினமும் காலையில் வழியை மாற்றிக்கொண்டு அந்தத் தெருவில் போனேன். மூன்றாவது மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அன்றைக்கு அங்கே கேட்ட சத்தங்களை என் கைநோட்டில் அவள் எழுதுவதுபோலவே எழுதினேன். "ஆறேகால், குக்குறுவான் இரண்டு, ஒன்றுக்கொன்று பதில்." "சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று மேலே போனது." அவள் விட்டுப்போன நாட்கள் விடுபடாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

டிசம்பரில் அவள் வீடு திரும்பினாள். மாத்திரைகளை மாற்றியிருந்தார்கள். போனபோது அறை குளிராக இருந்தது. இன்னும் மெலிந்துபோயிருந்தாள். என் கைநோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். படித்து முடித்து நெஞ்சின் மேல் கவிழ்த்துவைத்தாள். ரத்தம் எடுத்து முடித்துக் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்தக் கிளவுஸைக் கழட்டிட்டு ஒரு தடவ என் கையைப் பிடிங்க. ஆஸ்பத்திரில இருந்து எல்லாரும் ரப்பராலதான் தொடறாங்க."

கழற்றினேன். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. என் கை கையுறைக்குள் இருந்த ஈரத்தோடு சூடாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. அவளுக்காகத்தான் பிடித்தேன் என்று அப்போது நினைத்திருந்தேன். ஆனால் நானும் ஒருவர் கையைச் சும்மா பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது; கடைசியாகப் பிடித்தது தம்பி ரயிலேறிய நாளில்.

பிப்ரவரியில் அவளை உட்காரவைத்தார்கள். மார்பிலிருந்து இடுப்பு வரை கெட்டியான ஒரு கவசம். நான் போன நாளில் கட்டிலை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார் கணவர். எதிர் வரிசையில் சாலையோர மரங்களெல்லாம் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. பெங்களூரில் ஒவ்வொரு வருடமும் சில வாரம் நடப்பது. அவள் பூக்களைப் பார்க்கவில்லை. அரசமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, இரண்டாவது கிளை, அதில் வளைந்த கொம்பு, அதன் முனைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் என்று சொல்லச்சொல்ல அவள் கண் அங்கே போனது. எனக்கு மூன்று நடை ஆன வேலை அவளுக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"இவ்ளோதானா?" என்றாள். "நான் ஒரு கோழி அளவுக்கு இருக்கும்னு நினைச்சிருந்தேன்."

வாய் திறக்காமல் கத்துவதையும் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்கூட்டரில் போகும்போது, இனி அவளுக்குப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியதில்லை என்ற எண்ணம் வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டேன். அடுத்த சிக்னல் வரை அது போகவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பரிசோதனை மாதம் ஒரு முறையானது. மார்ச்சில் சுவரைப் பிடித்து நடந்தாள். குயில்கள் விடிவதற்கு முன்பே தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியிருந்தன. ஏப்ரலில் நான் போனபோது அவளே கதவைத் திறந்தாள். நின்று பார்த்தால் என்னைவிட உயரம். அது ஏனோ எனக்கு வியப்பாக இருந்தது. பத்து மாதமாகத் தெரிந்தவளின் உயரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இலைக்கதிர்க்குருவியின் சத்தம் ஒரு வாரமாகக் கேட்கவில்லை என்றாள். மலைக்குத் திரும்பிப் போயிருக்கும் என்றேன். மே மாதம் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்க ஆரம்பித்தாள். நான் ரத்தம் எடுக்கும்போது மடியில் லேப்டாப் திறந்திருந்தது.

ஜூன் கடைசியில் வந்தது கடைசிப் பரிசோதனை. மருந்தை நிறுத்திவிட்டார்கள், இனித் தேவையில்லை. நரம்பு தொட்டதும் கிடைத்தது. கணவர் ஒரு மைசூர்பாகு டப்பாவைக் கையில் கொடுத்து, அன்றைக்கு நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் என்று ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்தினார். அவள் வாசல் வரை வந்தாள். "டெஸ்ட் இல்லைன்னா என்ன, சும்மா வாங்கக்கா. ஞாயித்துக்கிழம வந்து சாப்புடுங்க" என்றாள். கட்டாயம் வருகிறேன் என்றேன். அவள் மனதாரத்தான் சொன்னாள். நானும் மனதாரத்தான் சொன்னேன்.

போகவில்லை. முதல் ஞாயிறு, அவர்களுக்கு இத்தனை நாள் கழித்து வெளியே போக ஆசையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு புடவை கட்டிக்கொண்டு படியிறங்கி, தெருமுனை வரை போய், என்ன பேசுவது என்று யோசித்துத் திரும்பிவிட்டேன். ரத்தம் எடுக்கும் பை இல்லாமல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது, எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் கம்பெனியில் பகுதிகளை மாற்றினார்கள். எனக்கு பாணஸ்வாடி பக்கம் வந்தது. அல்சூர் வழியாகப் போக வேண்டிய காரணம் இல்லாமல் போனது.

ஆகஸ்டில் ஒரு நாள் போன் செய்தேன். உடனே எடுத்தாள். குரலில் உண்மையான மகிழ்ச்சி. ஆபீஸ் காரில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஹாரன், யாரோ கன்னடத்தில் பேசும் சத்தம். நடுவில் அவளும் அவர்களுக்குக் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். முதுகு எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, நாள் முழுக்க உட்கார முடிகிறது, ஆனால் தலைக்கு மேல் வேலை என்றாள். குக்குறுவான் எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினாள். "உண்மையைச் சொல்லட்டாக்கா? இப்பல்லாம் அது காதுலயே விழறதில்ல. காலைல கிளம்புற அவசரத்துல இருக்குதா இல்லையான்னே தெரியல."

பரவாயில்லை என்று சொன்னேன். இன்னொரு அழைப்பு வருகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாள். அவள் கூப்பிடவில்லை, தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினாள், நானும் அனுப்பினேன்.

அந்தப் பேச்சு நான்கைந்து நாள் என்னை அரித்தது. அவள் மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்றுகூடத் தேடினேன். பிறகு ஒரு நாள் பாணஸ்வாடியில் ஒரு வீட்டு மாடிப்படியில் காத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது: ஒன்பது வருடம் என் காதிலும்தான் அது விழவில்லை. நன்றாக நடமாடுகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அவள் தேறிவிட்டாள் என்பதற்கு எந்தப் பரிசோதனைக்கூடமும் இதைவிடத் தெளிவான அறிக்கை தராது. அப்படி நினைத்ததும் வலி போய்விடவில்லை. ஆனால் அவள் மேல் இருந்த குறை போய்விட்டது.

எனக்கு மட்டும் காது அடைபட மறுத்துவிட்டது. சாலையில் போகும்போது, போக்குவரத்துச் சத்தத்துக்கு நடுவே, எந்த மரத்தில் எது இருக்கிறது என்று தானாகத் தெரிகிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. தம்பியிடம் ஒரு ஞாயிறு சொல்லிப் பார்த்தேன். "நல்ல டைம்பாஸ்க்கா" என்றான்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவை பார்ப்பதற்காக மட்டும் முதல் முறையாக வீட்டிலிருந்து கிளம்பினேன். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு ஆனேக்கல் பஸ் ஏறினேன். ஊருக்கு முன்னால் ஒரு ஏரிக்கரையில் இறங்கினேன். பஸ் ஜன்னலிலிருந்து யாரோ நீர்ப்பறவைகளைக் காட்டியதைப் பார்த்து இறங்கியதுதான். அந்த ஏரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அரைமணி நேரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டாள். இல்லை, பறவை பார்க்கிறேன் என்றேன். தெலுங்கில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு துணியைப் பிழிந்தாள். அப்புறம், பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டே, அந்தக் கோரைப் பக்கம் போனால் நிறைய இருக்கும் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கரிய நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் தனியாக ஒரு முக்குளிப்பான், கையகல அளவு, வாலே இல்லாத பறவை. சட்டென்று மூழ்கியது. எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்த இடத்தில் எழவில்லை; வெகுதூரம் தள்ளி, கோரை ஓரமாக எழுந்து தலையைச் சிலுப்பிக்கொண்டது. மறுபடி மூழ்கியது. அடுத்த முறையும் தப்பாகவே ஊகித்தேன். வெயில் ஏறும் வரை இப்படியே போனது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, ஒரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று உட்கார்ந்தேன்.